அணிலாடு பல்கனி

1559ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கம். தென் ஜேர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில், யோகான் ஹைன்ரிஷ் ஹேர்வார்ட் என்ற செல்வந்தரின் தோட்டத்தில் ஒரு சிவப்புப் பூ மலர்ந்திருந்தது. அதைக் கண்டவர் சூரிச் நகரத்து இயற்கை அறிஞர் கொன்ராட் கெஸ்னர். லில்லியைப் போன்ற பெரிய பூ, தண்டுக்கு ஒன்று மட்டும், இதமான மணம் என்று குறித்துக்கொண்டார். விதை பைசாந்தியத்திலிருந்து, அதாவது இன்றைய இஸ்தான்புல் பக்கமிருந்து வந்தது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. 1561இல் அந்தக் குறிப்பைப் படத்துடன் அச்சிட்டார். ரியூலிப் பூவுக்கு மேற்கு ஐரோப்பாவில் அச்சில் கிடைக்கும் முதல் தாவரவியல் விவரணை அதுதான். 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்குப் பெயர் சூட்டியபோது, தோட்டத்து ரியூலிப்புக்குக் கெஸ்னரின் பெயரையே வைத்தார்.

பூச்சாடியை அணில் கிண்டாமல் தடுப்பது எப்படி என்ற சின்னக் கேள்வியோடு தேடப்போய்த்தான் நான் ஹேர்வார்டின் தோட்டத்துக்கு வந்துசேர்ந்தேன். கேள்வி என்னுடையது அல்ல, அம்மாவுடையது. ரூர் பகுதியில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். பல்கனியில் ஆறு சாடிகள். கோடையில் மிளகாயும் வெந்தயக் கீரையும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் வந்துவிடும் ஒரு கறிவேப்பிலைக் கன்று. இலையுதிர்காலத்தில் நட்டு இளவேனிலில் பூக்கும் ரியூலிப். ஒக்ரோபரில் நட்ட சாடிகள் மறுநாள் காலையில் கிண்டப்பட்டிருக்கும். மண் வெளியே, கிழங்கு பக்கத்திலே. பள்ளிக்கூடத்தில் இதைக் குமிழ் என்று படித்தோம். வீட்டில் கிழங்கு என்றுதான் சொல்கிறோம்.

"உந்த அணிலுக்கு என்ன வேணுமாம்?" என்று அம்மா கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். அணிலுக்கு என்ன வேண்டும் என்று அறிவதற்கு, அது எங்கிருந்து வந்தது, பூ எங்கிருந்து வந்தது, இரண்டுக்கும் நடுவில் மனிதர் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டியிருந்தது.

*

ரியூலிப் கிழங்கை ஐரோப்பாவில் முதன்முதல் கிண்டித் தின்றதாகப் பதிவாகியிருப்பது அணில் அல்ல, ஒரு வணிகர். 1562இல் அன்ற்வேர்ப் துறைமுகத்தில் துணி வியாபாரி ஒருவருக்குக் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து துணிமூட்டைகள் வந்தன. அவற்றுக்குள் கொஞ்சம் கிழங்குகளும் இருந்தன. அவர் அவற்றை ஒருவகை வெங்காயம் என்று நினைத்து, தணலில் சுட்டு, எண்ணெயும் வினாகிரியும் விட்டுச் சாப்பிட்டார். மிச்சத்தைக் கோவாப் பாத்தியோரம் புதைத்தார். மெஹலன் நகரத்து வணிகர் ஒருவர் அங்கிருந்து சிலவற்றைக் காப்பாற்றி வளர்த்தார். இந்தக் கதையை எழுதிவைத்தவர் கரோலுஸ் குளூசியுஸ். ஐரோப்பியத் தோட்டக்கலையின் வரலாற்றில் இவரைத் தாண்டிப் போகமுடியாது.

குளூசியுஸின் வாழ்க்கை நமக்கு அந்நியமானதல்ல. 1526இல் அராஸ் நகரில் பிறந்தவர். 1573இல் வியன்னாவில் பேரரசர் இரண்டாம் மக்ஸிமிலியனின் தோட்டத்துக்குப் பொறுப்பாக அழைக்கப்பட்டார். உஸ்மானியப் பேரரசிலிருந்து வந்த கிழங்குகளும் விதைகளும் அங்கே அவர் கைக்கு வந்தன. 1576இல் பேரரசர் இறந்தார். அடுத்து வந்த இரண்டாம் ருடோல்பின் அரசவையில் புரட்டஸ்தாந்தரான குளூசியுஸுக்கு இடமில்லாமற் போனது. 1588இல் பிராங்பேர்ட்டுக்கு வந்தார். ஐந்து வருடங்கள் அங்கே. பிறகு 1593இல் லெய்டன். போன இடமெல்லாம் கிழங்குகளைக் கொண்டுபோனார், நண்பர்களுக்கு அனுப்பினார், அவர்களிடமிருந்து வாங்கினார். லெய்டனில் அவருடைய தோட்டத்திலிருந்து கிழங்குகள் களவுபோயின. ஒல்லாந்தின் புகழ்பெற்ற ரியூலிப் வெறி அதற்கு நாற்பது வருடங்களின் பின் வந்தது. ஆனால் அதற்கு விதை போட்டவர்களில், பிராங்பேர்ட்டில் வாடகைக்கு இருந்த இந்த முதியவரும் ஒருவர்.

பவேரியாவின் ஐஷ்ஸ்ரெற் நகரில் இன்னொரு தோட்டம் இருந்தது. ஆயர் யோகான் கொன்ராட் பொன் கெம்மிங்கன் தன் கோட்டையைச் சுற்றி அமைத்தது. அங்கே பூத்த செடிகளை நியூரன்பேர்க் மருந்து வணிகர் பசீலியுஸ் பெஸ்லர் 367 செப்புத்தகட்டுப் படங்களாகச் செய்து 1613இல் வெளியிட்டார். ரியூலிப்புகள் அந்த நூலின் பெருமைகளில் ஒன்று. நூல் வெளிவருவதற்கு முதல் வருடமே ஆயர் இறந்துவிட்டார். முப்பதாண்டுப் போர் வந்தது, சுவீடன் படைகள் வந்தன, தோட்டம் அழிந்தது. படங்கள் மிஞ்சின. 1998இல் அந்தப் படங்களைப் பார்த்தே கோட்டையில் ஒரு தோட்டத்தை மறுபடி உருவாக்கினார்கள். தோட்டம் போனாலும் அதில் என்ன நின்றது என்ற பட்டியல் இருந்தால் மீளலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது.

ஆக, ஜேர்மன் பூச்சாடியில் "மண்ணின் பூ" என்று எதுவும் பெரிதாக இல்லை. ரியூலிப்பின் காட்டு மூதாதைகள் மத்திய ஆசிய மலைகளைச் சேர்ந்தவை. பவேரியப் பல்கனிகளின் அடையாளமாகிவிட்ட சிவப்பு ஜெரேனியம் தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. அவற்றுக்கு இடையில் நிற்கும் அம்மாவின் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கேயரோடு நம்மிடம் வந்ததுதான். இந்தப் பல்கனியில் வெளியூர்க்காரர் அல்லாதவர் ஒருவர் மட்டுமே. அவர்தான் கிண்டுகிறவர்.

*

ஜேர்மனியில் வாழும் அணில் செவ்வணில். ஐஷ்ஹோர்ன்ஷென் என்று பெயர். ஜேர்மன் வகுப்பில் நம்மவர் பலரின் நாக்கைக் கட்டிப்போட்ட சொல். நம் ஊர் அணிலைவிடப் பெரியது. 200 முதல் 400 கிராம் வரை எடை. நிறம் செம்மஞ்சளிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை மாறும், வயிறு மட்டும் எப்போதும் வெள்ளை. பனிக்காலத்தில் காதுநுனியில் குஞ்சம் வளரும். மரக்கிளைகளில் சுள்ளிகளால் உருண்டையான கூடு கட்டும். கரடியைப் போலவோ முள்ளெலியைப் போலவோ பனிக்காலம் முழுக்கத் தூங்குவதில்லை. கடுங்குளிரில் கூட்டுக்குள் கூடுதல் நேரம் படுத்திருக்கும், ஆனால் பசிக்கும். வெளியே வந்தே ஆகவேண்டும். அதற்காகத்தான் செப்ரெம்பர் முதல் நொவம்பர் வரை கொட்டைகளை ஒவ்வொன்றாகப் புதைக்கிறது. ஒரே களஞ்சியத்தில் அல்ல. நூற்றுக்கணக்கான இடங்களில், இடத்துக்கு ஒன்றிரண்டாக. ஒரு களஞ்சியத்தைக் களவுகொடுத்தால் எல்லாம் போய்விடும். பரப்பி வைத்தால் மிஞ்சும். பின்பு இடத்தின் ஞாபகத்தாலும் மோப்பத்தாலும் தேடி எடுக்கும்.

இனிக் கலண்டரைப் பாருங்கள். ரியூலிப் கிழங்கை நடவேண்டிய காலமும் ஒக்ரோபர், நொவம்பர்தான். அணில் புதைக்க இடம் தேடித் திரியும் அதே வாரங்களில் நாம் சாடியில் மண்ணைக் கிளறி, இளக்கி, ஈரமாக்கி வைக்கிறோம். காட்டில் வேரும் சருகும் கல்லுமாய்க் கிடக்கும் நிலத்தோடு ஒப்பிட்டால், இது அதற்கு மெத்தை போட்ட இடம். பெரும்பாலும் அது கிழங்கைத் தேடி வரவில்லை. கொட்டையை வைக்க வந்தது. கிழங்கு வழியில் கிடந்தது. சிலவேளை கிழங்கையும் கடித்துப் பார்க்கும், அது உண்மை. ஆனால் நிலத்தில் நட்ட ரியூலிப் காணாமற் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டும் வூல்மௌஸ் என்ற எலிவகை. அது இரண்டாம் மாடிக்கு ஏறிவராது. பாசியையும் மண்ணையும் நாலுபக்கமும் வாரி இறைத்திருந்தால் அது புழு தேடிய கருங்குருவியின் வேலை. சின்னதாய், சுத்தமாய் ஒரு குழி, கிட்டத்தில் ஒரு கொட்டையோ கோதோ இருந்தால் மட்டும் அணிலைக் குற்றம் சொல்லலாம்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப உது களவெடுக்க வரேல்ல, வைக்க வந்திருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்டாலும் என்ர சாடிதானே" என்றார்.

*

இந்த அணிலுக்கும் ஜேர்மனியருக்கும் இருந்த உறவு எப்போதும் இப்படிப் பூச்சாடி அளவில் இருக்கவில்லை. பால்ரிக் கரையிலுள்ள ஸ்ரால்சுண்ட் நகரின் நிக்கொலாய் தேவாலயத்தில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரச்செதுக்கல்கள் இருக்கின்றன. ரஷ்ய வேட்டைக்காரர் மரங்களில் இருக்கும் அணில்களை வில்லால் எய்கிறார்கள். காட்டுப்பொருட்களைச் சுமந்துபோய் ஜேர்மன் வணிகரிடம் கொடுக்கிறார்கள். ரஷ்யாவோடு வியாபாரம் செய்த வணிகர்கள் தேவாலயத்தில் தங்கள் இருக்கைக்கு இட்ட அலங்காரம் அது. கடவுளின் வீட்டில் தங்கள் தொழிலைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள்.

லியூபெக், ஹம்பேர்க், ஸ்ரால்சுண்ட் போன்ற நகரங்களின் வணிகக் கூட்டமைப்பான ஹன்சாவுக்கு நொவ்கொரொட் நகரில் "பீற்றர்ஹோப்" என்ற தங்குமனை இருந்தது. அங்கிருந்து மேற்கே வந்த பொருட்களில் மெழுகும் அணில்தோலும் முதன்மையானவை. வடநாட்டுக் குளிரில் அணிலின் முதுகு சாம்பல்நிறமாகும். அந்தச் சாம்பலையும் வயிற்று வெள்ளையையும் மாற்றி மாற்றித் தைத்த தோல்தான் பெருங்குடியினரின் மேலாடைகளுக்கு உள்விரிப்பு. யார் எந்தத் தோலை உடுக்கலாம் என்று நகரங்கள் சட்டம் போட்டன. அந்த ஆடையின் சாம்பல்-வெள்ளை அலைவடிவம் பிரபுக்களின் கேடயச் சின்னங்களிலும் ஏறியது. "பே" என்று பெயர். வருடத்துக்கு இலட்சக்கணக்கான தோல்கள் பீப்பாய்களில் கப்பலேறின. 1494இல் மொஸ்கோவின் மூன்றாம் இவான் நொவ்கொரொட்டில் இருந்த ஜேர்மன் மனையை மூடினார். அந்தத் தொழில் அதன் பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

தோலுக்கு மதிப்பிருந்த காலம் போய், 19ஆம் நூற்றாண்டில் காடு திட்டமிட்டு நட்டு வளர்க்கும் தோட்டமானபோது, அணில் வேறொரு பெயர் பெற்றது: மரத்தின் மொட்டையும் பட்டையையும் கடித்துக் கெடுக்கும் பிராணி, குருவிக்கூட்டை உடைக்கும் கள்ளன். சுடலாம் என்றார்கள், சுட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுபடி ஒரு மாற்றம். இன்று ஜேர்மன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி செவ்வணில் சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அதைப் பிடிப்பதும் காயப்படுத்துவதும் கொல்வதும் குற்றம். கனத்த அபராதம் உண்டு. 2002இல் விலங்குகளின் பாதுகாப்பை ஜேர்மனியின் அடிப்படைச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

தோல், கேடு, காக்கப்படும் உயிர் என்று எழுநூறு வருடத்தில் ஒரே பிராணிக்கு மூன்று சட்டநிலைகள். அணில் மாறவில்லை. அது அப்போதும் கொட்டை புதைத்தது, இப்போதும் புதைக்கிறது. பதிவேட்டில் அதற்கு எதிரே எழுதப்படும் சொல்தான் மாறியது. அகதிக் கோரிக்கையாளர், சகித்துக்கொள்ளப்படுபவர், வதிவிட உரிமையாளர், பிரஜை என்று ஒரே ஆளாயிருந்து நாலு அட்டைகளை மாற்றிய என் பெற்றோரின் தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நகரத்துக்குள் அணில் வந்த கதை மரங்களின் கதை. பேர்லினின் நடுவிலிருக்கும் ரியர்கார்ட்டன் பூங்காவில் இரண்டாம் உலகப்போருக்கு முன் சுமார் 200,000 மரங்கள் இருந்தன. குண்டுவீச்சும் போருக்குப் பிந்திய விறகுப் பஞ்சமும் முடிந்தபோது சுமார் 700 மரங்களே மிஞ்சின. சிலைகளுக்கு நடுவே உருளைக்கிழங்குப் பாத்திகள் போட்டார்கள். 1949 மார்ச் மாதத்தில் நகரபிதா ஏர்ன்ஸ்ட் ரொய்ரர் ஒரு லிண்டன் மரக்கன்றை நட்டு மீள்நடுகையைத் தொடங்கினார். ஏனைய ஜேர்மன் நகரங்கள் கன்றுகளை அனுப்பின. இன்று அங்கே நிற்கும் பெருமரங்களில் பெரும்பாலானவை என் அம்மாவின் வயதை ஒத்தவை. அவற்றில் அணில்கள் ஓடுகின்றன. 1877இல் திறக்கப்பட்ட ஹம்பேர்க்கின் ஓல்ஸ்டோர்ப் பூங்கா மயானத்திலும் அப்படித்தான். அங்கே கல்லறைகளின் மேலே உறவினர் கிழங்குப்பூக்களை நடுவார்கள், அணில்கள் கிண்டும், மறுபடி நடுவார்கள்.

பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்ட ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, ஒரு நகரம் தன் மரங்களை எரித்துக் குளிர்காய்ந்ததும் பின்பு கன்று கன்றாய்த் திரும்ப நட்டதும் வெறும் தகவலாகத் தோன்றாது.

*

தமிழில் அணிலுக்கு இரண்டு பெரிய இடங்கள் உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: சேதுகட்ட மணல் சுமந்தது, ராமர் முதுகைத் தடவியதும் மூன்று கோடு விழுந்தது. வால்மீகியில் இல்லாத அந்த அணில், தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையிலேயே கடற்கரை மணலில் புரண்டு உதவி செய்கிறது. ஜேர்மன் அணிலை முதன்முதல் கிட்டத்தில் பார்த்தபோது அம்மா சொன்னது: "உதுக்கு முதுகில கோடு இல்லை. ராமர் தடவாத அணில்."

முதுகில் கோடுள்ள ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. சைபீரியக் கோட்டணில். வளர்ப்புப் பிராணியாக விற்கப்பட்டு, தப்பியும் விடப்பட்டும் சில நகரங்களின் பசுமைவெளிகளில் பெருகியது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட ஊடுருவும் அயல் உயிரினங்களின் முதற்பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. அமெரிக்கச் சாம்பல் அணிலின் பெயரும் அதே பட்டியலில். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்ட சாம்பல் அணில் அங்கே செவ்வணிலைப் பெரும்பாலான இடங்களிலிருந்து ஒதுக்கிவிட்டது. ஜேர்மனிக்கு அது இன்னும் வரவில்லை. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் நம் உறவினர் சொல்லும் அணில் கதைகளும் வைத்தியங்களும் அந்தச் சாம்பல் அணிலைப் பற்றியவை. அதை அப்படியே எடுத்து டோர்ட்முண்டில் செய்யமுடியாது.

அணிலின் இரண்டாவது இடம் குறுந்தொகையில். 41ஆம் பாடலை எழுதியவரின் பெயர் தெரியவில்லை. பாடலிலுள்ள ஒரு தொடரைக் கொண்டே அவரை அணிலாடு முன்றிலார் என்று அழைக்கிறார்கள். காதலன் அருகில் இல்லாத பெண் தன் நிலைக்கு உவமை தேடுகிறாள். ஆட்கள் விட்டுப்போன ஊரில், ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில்கள் விளையாடுகின்றன. அதுதான் உவமை. மனிதர் நடமாடும் முற்றத்தில் அணில் அவ்வளவு சுதந்திரமாக இறங்கி ஆடாது. அணில் ஆடுகிறது என்றால் வீட்டில் ஆளில்லை. ஈராயிரம் வருடம் பழைய அந்தக் கவிஞருக்கு, வெறுமையைச் சொல்ல இடிந்த சுவர் தேவைப்படவில்லை. சந்தோசமாக விளையாடும் ஒரு பிராணி போதுமாயிருந்தது.

வலிகாமம் வடக்கில் எங்கள் வீட்டை 1990இல் விட்டுவந்தோம். அந்தப் பகுதி உயர்பாதுகாப்பு வலயமானது. 2015க்குப் பின் பகுதி பகுதியாகக் காணிகளை விட்டபோது எங்கள் வளவும் அதில் வந்தது. அம்மா ஒருமுறை போய்ப் பார்த்தார். கூரை இல்லை, குசினிக்குள் வேம்பு வளர்ந்து நிற்கிறது, கிணற்றடியில் பற்றை. திரும்பிவந்து அவர் சொன்னவற்றில் என் மனதில் நின்றது ஒன்றுதான்: "முத்தத்தில அணில் ஓடித் திரியுது. என்னைக் கண்டும் பயப்பிடேல்ல." அம்மா குறுந்தொகை படித்தவர் இல்லை.

இதை வைத்துத்தான் எனக்கு அம்மாவின் பல்கனி விளங்கியது. அங்கே அணில் பாழ்முற்றத்துக்கு வரவில்லை. ஆள் இருந்து, மண் வாங்கி, நீர் ஊற்றி, கையால் இளக்கிய சாடி இருப்பதால் வருகிறது. எதிர்வீட்டுக்காரர் போன பிறகு வெறுமையாய்க் கிடக்கும் பல்கனியில் அதற்கு அலுவல் இல்லை. நம் பழைய பாடலில் அணில் ஆளில்லை என்பதற்கு அடையாளம். இந்த இரண்டாம் மாடியில் அது ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம். இப்படிச் சொல்வதால் ரியூலிப் தப்பிவிடாது என்பதும் தெரியும். சாடி அம்மாவுடையது, அவர் சொன்னதுபோல. அதைக் காக்கவும் வேண்டும்.

*

அம்மாவின் முதல் மருந்து மிளகாய்த்தூள். நம்மவர் பலருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். வேண்டாம் என்று தடுத்தேன். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது, பாலூட்டிகளுக்கு உறைக்கும். மண் கிண்டிய கையால் அணில் முகத்தைத் துடைக்கும். கண்ணில் பட்டால் அது உயர மரத்தில் இருந்து தடுமாறும். ஒரு மழைக்குத் தூளும் போய்விடும். பூச்சியுருண்டை நஞ்சு. கால் சிக்கக்கூடிய தளர்வான நைலோன் வலையும் ஆபத்து. அணிலைக் காயப்படுத்தும் எதுவும் சட்டத்துக்கும் எதிரானது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். கிழங்கை அதன் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில், ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் நட்டோம். அணில் கொட்டை புதைப்பது மேல்மண்ணில். அவ்வளவு ஆழம் போவது அரிது. நட்டபின் மண்ணை அழுத்திவிட்டோம். கிழங்கிலிருந்து உதிர்ந்த தோல்களைப் பொறுக்கி எடுத்தோம். மணம் அழைப்பிதழ் மாதிரி. எலும்புத்தூள் உரம் போடவில்லை, அதே காரணத்துக்காக. மேலே கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைச் சாடியின் வாயளவுக்கு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து மண்ணோடு படிய வைத்தோம். இரண்டு சென்ரிமீற்றர் கண்ணுள்ள வலை. இளவேனிலில் முளை அதற்குள்ளால் வந்துவிடும், அணிலின் தோண்டல் நின்றுவிடும். வலைக்கு மேலே கூழாங்கல் பரப்பினால் பார்க்கவும் அழகு. ஒரு பனிக்காலம் இதைச் செய்தால் அடுத்த வருடம் அணில் அந்தச் சாடியை அவ்வளவாகத் தேடுவதில்லை.

வலை வைக்க விரும்பாத சாடியில் நார்சிசஸ் நடலாம். அதன் கிழங்கில் நஞ்சு உண்டு, அணில் தொடாது. பனித்துளிப்பூவும் அந்தக் குடும்பம்தான். அரசமுடிப்பூ என்று ஜேர்மனியர் அழைக்கும் உயரமான செம்மஞ்சள் பூவின் கிழங்குக்கு நரியின் நாற்றம். அதுவும் குளூசியுஸின் காலத்தில் வியன்னா வழியாக வந்ததுதான். ரியூலிப்பைச் சுற்றி இவற்றை நடுவது பழைய தோட்டக்காரரின் வழக்கம்.

கடைசியாக, அணிலுக்கென்று ஒரு நீளச் சாடி. பூ இல்லை, வலை இல்லை, இளகிய மண் மட்டும், பல்கனியின் மறுகோடியில். பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர். உப்புப் போட்ட கச்சான் கொடுக்கக்கூடாது. ஹேசல் கொட்டையும் அக்ரூட்டும் நல்லது. மழைநீர்ப் பீப்பாய் வைத்திருப்பவர்கள் மூடிவைக்க வேண்டும், அல்லது உள்ளே ஒரு பலகையைச் சாய்த்துவிட வேண்டும். தண்ணீர் குடிக்கப்போய் வழுவழுப்பான சுவரில் ஏறமுடியாமல் அணில்கள் மூழ்கிச் சாகின்றன. அணிலை ஏறவிட்ட நாய்போல என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. பல்கனிக் கதவடியில் தும்புத்தடியோடு நின்ற முதல் வாரத்தில் அம்மா அப்படித்தான் நின்றார். நீளச் சாடி வந்தபிறகு கதிரையைப் போட்டு இருந்து பார்க்கத் தொடங்கினார்.

*

போன வருடம் மே மாதம் அந்த நீளச் சாடியில், யாரும் நடாத ஒரு முளை வந்தது. தடித்த தண்டு, கசக்கினால் எலுமிச்சையும் மருந்தும் கலந்த வாசனையுள்ள இலை. அணில் மறந்துவிட்ட அக்ரூட். ஜேர்மனில் வால்நுஸ். அந்தச் சொல்லின் முற்பகுதி பழைய ஜேர்மனில் வெல்ஷ். ரோமானிய மொழி பேசுகிற அயலவனைக் குறித்த சொல். ரைன் கரைக்கு அதை ரோமர் கொண்டுவந்து பரப்பினார்கள். ஈராயிரம் வருடமாக இந்த மண்ணில் காய்த்தும் இன்னும் அதற்கு "அயலவன் கொட்டை" என்றுதான் பெயர். ஜேர்மனியருக்கு அது நினைவில்லை; வாழைப்பழக் கேக்கில் போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

பல்கனியில் அக்ரூட் மரம் வளர்க்கமுடியாது. இருபது மீற்றருக்கு மேல் போகும். நகரத்துக் குடும்பங்கள் குத்தகைக்கு எடுக்கும் சிறுதோட்டங்களிலும் பெரும்பாலும் அனுமதியில்லை, அதன் நிழல் அடுத்தவர் பாத்தியில் விழும் என்பதால். நகரத்துக்கு வெளியே கொஞ்சம் காணி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கன்றைக் கொண்டுபோனோம். குழி வெட்டி வைத்துவிட்டு அம்மா கேட்டார், "எப்ப காய்க்கும்?"

விதையிலிருந்து வந்த அக்ரூட் காய்க்கப் பத்துப் பதினைந்து வருடமாகும் என்று நண்பர் சொன்னார். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஆரும் தின்னட்டும். அணிலுக்கும் விடுங்கோ" என்றார். பிறகு கன்றைச் சுற்றிக் கம்பிவலை கட்டச் சொன்னார். அந்தக் காணியில் முயல் இருக்கிறதாம்.